காற்றில் திறந்த வாசல்

மார்கழி மாதத்து வளர்பிறை ஏகாதசி. பொழுது புலர இன்னும் நேரம் இருக்கிறது. காவிரிக் கரையில் ஓர் ஊர். கூடத்து அலமாரியின் மேல் இருக்கும் வானொலிப் பெட்டியின் திருகை வீட்டின் மூத்தவர் திருப்புகிறார். வால்வு வைத்த பழைய பெட்டியாக இருந்தால் உடனே ஒலி எழாது. உள்ளே இருக்கும் கண்ணாடிக் குமிழ்கள் சூடேறச் சற்று நேரம் ஆகும். அதற்குள் வீட்டிலுள்ளோர் நீராடி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு வந்து அமர்ந்துவிடுவார்கள். முதலில் இரைச்சல், பிறகு ஜனத்திரளின் ஆரவாரம், அதன் நடுவே நிதானமான ஒரு குரல். நம்பெருமாள் மூலஸ்தானத்திலிருந்து புறப்பட்டுவிட்டார் என்று அக்குரல் சொல்லும்போது, நடக்க இயலாமல் கட்டிலில் கிடக்கும் பாட்டியும் இரு கைகளையும் தலைக்கு மேல் குவிப்பார்.

ஸ்ரீரங்கத்துப் பரமபத வாசல் திறப்பை இவ்வாறு வீடுதோறும் கொண்டு சேர்த்தது திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம். தமிழகத்தின் இரண்டாவது அகில இந்திய வானொலி நிலையம் அது. செய்தி, நாடகம், விவசாயம், இசை என்று அது செய்த பணிகள் பல. எனினும் கோயிலுக்குப் போக முடியாதவர்களுக்குக் கோயிலைக் கொண்டுவந்து தந்த நிலையம் என்றே காவிரிப் படுகையின் முதியோர் பலர் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் ஒலிபரப்பின் கதை சென்னையில் தொடங்குகிறது. 1924-ஆம் ஆண்டில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று தொடங்கிய சென்னை மாகாண வானொலிக் கழகம், ஆர்வலர்களின் சந்தாவை நம்பி நடந்தது. பணம் போதவில்லை. மூன்றே ஆண்டுகளில், 1927-இல், கழகம் தன் ஒலிபரப்பை நிறுத்தும்படி ஆயிற்று. அதன் கருவி சென்னை மாநகராட்சியின் கைக்குப் போயிற்று. 1930 ஏப்ரல் முதல் நாளிலிருந்து மாநகராட்சியே ஒலிபரப்பை நடத்தியது. நகரசபை ஒன்று குப்பை அள்ளுவதோடும் விளக்கேற்றுவதோடும் நில்லாமல், மாலைவேளைகளில் சங்கீதமும் வழங்கிற்று என்பது இன்று கேட்க வியப்பாக இருக்கும். 1938 ஜூன் 16-ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தோன்றியதும் மாநகராட்சியின் அந்தப் பணி முடிவுற்றது.

சென்னை நிலையம் பிறந்தபோது ஒரு குறை இருந்தது. அதன் மத்திய அலை ஒலிபரப்பி மிகச் சிறியது. கால் கிலோவாட் வலிமைதான். நகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாண்டி அது தெளிவாகச் செல்லவில்லை. வெளிமாவட்டத்தார் சிற்றலையில்தான் கேட்க வேண்டியிருந்தது. சிற்றலை வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி வருவது. ஒரு கணம் உரக்க ஒலிக்கும். மறுகணம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் அமுங்கும். ராக ஆலாபனை ஒன்று மேல் ஸ்தாயியை எட்டும் நேரம் பார்த்து அலை அமுங்கினால் ரசிகர் படும் வேதனையைச் சொல்லவேண்டியதில்லை.

ஆகவே தமிழ்நாட்டின் நடுவில் மற்றொரு நிலையம் தேவைப்பட்டது. திருச்சிராப்பள்ளியைத் தேர்ந்தது பொருத்தமான முடிவு. நிலப்படத்தைப் பார்த்தாலே காரணம் புரியும். கிழக்கே தஞ்சையும் குடந்தையும் மாயூரமும், தெற்கே புதுக்கோட்டையும் மதுரையும், மேற்கே கரூர். வித்வான்கள் வாழ்ந்த ஊர்கள் ரயில் பாதையை ஒட்டியே இருந்தன. கோயில்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். உச்சிப் பிள்ளையாரும் தாயுமானவரும் ஊருக்குள்ளேயே. காவிரிப் பாலத்தைத் தாண்டினால் திருவானைக்காவும் திருவரங்கமும்.

1939-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, பிரமாதி வருஷம் வைகாசி மாதத் தொடக்கத்தில், திருச்சி நிலையம் ஒலிக்கத் தொடங்கியது. அப்போது ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தார். நிலையத்தின் மத்திய அலை ஒலிபரப்பி 5 கிலோவாட் வலிமை கொண்டது. தலைநகருக்குக் கிடைத்ததைப்போல் இருபது மடங்கு! மத்திய அலை பகலில் தரையை ஒட்டியே பரவும். படுகையின் சமவெளியில் அதைத் தடுக்க மலையில்லை. தஞ்சை மாவட்டத்து மிராசுதார் வீட்டுக் கூடத்திலும், சிறு நகரத்துப் பூங்காவிலும் அது ஒரே சீராகக் கேட்டது.

தேசம் விடுதலை பெற்ற 1947-இல் அகில இந்திய வானொலிக்கு மொத்தம் ஒன்பது நிலையங்கள் இருந்தன. பிரிவினையில் லாகூர், பெஷாவர், டாக்கா மூன்றும் பாகிஸ்தானுக்குப் போயின. இந்தியாவுக்கு மிஞ்சியவை ஆறு: டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, லக்னோ, திருச்சிராப்பள்ளி. மாகாணத் தலைநகரங்களின் வரிசையில் மலைக்கோட்டை நகரமும் இடம்பெற்றிருந்ததைத் திருச்சிவாசிகள் பெருமையோடு சொல்லிக்கொள்வதில் நியாயம் உண்டு.

அக்காலத்தில் வானொலி கேட்பதற்கு உரிமம் வேண்டும். ஆண்டுக்குப் பத்து ரூபாய் கட்டணத்தை அஞ்சலகத்தில் செலுத்திப் புத்தகத்தில் முத்திரை பெறவேண்டும். 1930களில் பத்து ரூபாய் சிறு தொகையன்று. அதனால் ஒரு தெருவுக்கு ஒரு பெட்டி இருந்தாலே அதிகம். ஒருவர் வீட்டுத் திண்ணை ஊருக்கே பொதுவாகிவிடும். பின்னாளில் ஊராட்சி மன்றங்களில் பொதுப் பெட்டிகள் வந்தன. டிரான்சிஸ்டர் வந்ததும் வானொலி வயலுக்கே போயிற்று. 1980களில் உரிமமுறை எடுக்கப்படும்வரை அந்தச் சிறு புத்தகம் பலர் வீட்டில் குடும்ப அட்டையோடு சேர்த்துப் பத்திரப்படுத்தப்பட்டிருந்தது.

விடியற்காலை ஒலிபரப்பின் முறை இன்றும் பலருக்கு மனப்பாடம். முதலில் நிலையத்தின் அடையாள இசை. நாஜிகளின் கொடுமையால் ஐரோப்பாவை விட்டு வெளியேறிப் பம்பாய் நிலையத்தில் பணிபுரிந்த வால்டர் காஃப்மன் என்ற யூத இசை அறிஞர் அமைத்தது அது. தம்புராவின் மீட்டலுக்கு மேல் வயலின் எழும்பும் அந்தச் சில விநாடிகளில் சிவரஞ்சனியின் சாயலை நம்மவர் கண்டார்கள். அடுத்து வந்தே மாதரம். பிறகு மங்கள இசை. அதன்பின் பக்திப் பாடல்கள். இந்துக்களின் பாடல்களோடு கிறிஸ்தவ, இஸ்லாமியப் பாடல்களும் அந்த வரிசையில் இடம்பெறும். அகல் விளக்கேற்றி அமர்ந்திருக்கும் வீட்டிலும் நாகூர் ஆண்டவரைப் பற்றிய பாட்டு ஒலிக்கும். பெட்டியை யாரும் மூடமாட்டார்கள்.

மங்கள இசை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நாகஸ்வரம் வெட்டவெளிக்கென்று பிறந்த வாத்தியம். சுவாமி புறப்பாட்டில் நான்கு வீதிக்கும் கேட்க வேண்டியது. அதை நான்கு சுவருக்குள், ஒரு சிறு ஒலிவாங்கியின் முன் அடக்கி வைப்பது எளிதான செயலன்று. வாசிப்பவரைத் தள்ளி அமர்த்த வேண்டும். தவிலை இன்னும் பின்னால் அமர்த்த வேண்டும். ஒலிநாடா புழக்கத்துக்கு வராத ஆண்டுகளில் எல்லாமே நேரடி ஒலிபரப்புதான். காலையில் ஒருமுறை வாசித்துவிட்டு, இரவுக் கச்சேரிக்காக அன்று முழுவதும் வித்வான்கள் ஊரிலேயே தங்குவார்கள். கை தவறினால் தவறியதுதான். அழித்து மீண்டும் வாசிக்க வழியில்லை. அபசுரம் ஒன்று விழுந்தால் மாகாணத்துக்கே கேட்டுவிடும் என்ற அச்சம் பெரிய வித்வான்களுக்கும் இருந்தது.

ஓதுவார்களுக்கு வானொலியால் விளைந்த நன்மையைத் தனியே சொல்லவேண்டும். பண்ணோடு கூடிய தேவாரம் காலங்காலமாகச் சந்நிதியில் பூஜை வேளையில் ஒலித்து வந்தது. கேட்டவர்கள் அப்போது அங்கே நின்ற சிலர்தாம். வானொலி வந்தபின் கொல்லிப் பண்ணும் காந்தாரப் பண்ணும் அடுக்களை வரை வந்தன. பதிகம் பாடப்பெற்ற தலத்தின் பெயரையும் பண்ணின் பெயரையும் அறிவிப்பாளர் சொன்னபின் பாட்டு தொடங்கும். தம் ஊருக்குப் பக்கத்தில் சிதைந்து கிடக்கும் சிவாலயம் பாடல் பெற்ற தலம் என்பதை அவ்வாறு கேட்டறிந்தவர்களும் உண்டு.

எல்லாம் இனிமையாகவே நடந்தன என்று சொல்வதற்கில்லை. 1940 மார்ச் மாதம் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. கட்டைகளில் ஸ்வரங்கள் நிலையாக நிற்பதால் கமகம் பேசாது என்பது காரணம். சாஸ்திரப்படி அதில் உண்மையும் உண்டு. ஆனால் பஜனை மடங்களில் அரிநாம சங்கீர்த்தனம் அந்தப் பெட்டியோடுதான் நடந்துகொண்டிருந்தது. ஊரெல்லாம் வாசித்த வாத்தியம் வானொலியில் மட்டும் தீண்டப்படாததாக, 1970களின் தொடக்கம் வரை முப்பது ஆண்டுகளுக்கும் மேல் ஒதுங்கி நின்றது.

பாட்டின் மொழியைப் பற்றிய வாதத்திலும் வானொலி அகப்பட்டுக்கொண்டது. 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடிய தமிழிசை மாநாட்டை ஒட்டி, வானொலி நிலையங்கள் தமிழ்ப் பாடல்களுக்குக் கூடுதல் இடம் தரவேண்டும் என்ற கோரிக்கை வலுவாக எழுந்தது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரும் கல்கியும் ஒரு பக்கம்; இசைக்கு மொழி இல்லை என்ற வித்வான்கள் மறுபக்கம். தெலுங்குக் கீர்த்தனைகளின் ஆராதனை நடக்கும் திருவையாறும் தேவாரப் பதிகங்களின் தலங்களும் ஒரே ஆற்றங்கரையில் இருக்க, அந்தக் கரைக்கு நடுவே அமைந்த நிலையம் இரு தரப்பாரையும் நிறைவு செய்வது கடினமாகத்தான் இருந்திருக்கும். காலப்போக்கில் கிருதிகளுக்குப் பக்கத்திலேயே திருப்புகழும் அருட்பாவும் கோபாலகிருஷ்ண பாரதியாரும் தம் இடத்தைப் பெற்றனர்.

திருவையாற்றைக் குறிப்பிட்டபின் ஆராதனையைச் சொல்லாமல் விடலாகாது. புஷ்ய பகுள பஞ்சமியன்று தியாகராஜ சுவாமிகளின் சமாதியின் முன் வித்வான்கள் கூடி நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து ராகங்களின் பஞ்சரத்தினத்தைப் பாடுவது மரபு. அந்தச் சமாதியைத் தம் செல்வத்தைக் கொண்டு கோயிலாக எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளுக்கே அங்கே பாடத் தடை இருந்தது என்பதைப் பலர் அறிவார்கள். வெவ்வேறு கட்சிகளாகப் பிரிந்து நடந்த ஆராதனை, 1941-ஐ ஒட்டி ஒன்றாயிற்று. வானொலி அந்த ஒன்றுபட்ட கோஷ்டி கானத்தைப் பந்தலுக்கு வெளியே கொண்டுபோயிற்று. ஆற்றங்கரையில் வைத்த ஒலிவாங்கியிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியே நாற்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு கடந்து நிலையத்துக்கு ஒலி வரவேண்டும். அங்கிருந்து ஒலிபரப்பிக்குப் போகவேண்டும். எங்கேனும் கம்பி அறுந்தால் எல்லாம் போயிற்று. இவ்வளவையும் கடந்து வந்த நாதத்தோடு, திருவையாற்றைக் கண்ணாலும் கண்டிராத பெண்கள் தங்கள் வீட்டுப் பூஜையறை வாசலில் அமர்ந்து கூடவே பாடினார்கள். கோஷ்டியில் இடம் பெற அவர்கள் யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியிருக்கவில்லை.

1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் சாஸ்திரிய சங்கீதத்தின் மீது கொண்ட பற்றினால் திரைப்பாடல்களை வானொலியிலிருந்து ஏறக்குறைய விலக்கினார். வித்வான்களுக்கும் குரல் தேர்வும் தரவரிசையும் ஏற்பட்டன. அதில் மனம் புண்பட்டவர்கள் பலர். திரைப்பாடல் வேண்டியவர்களோ முள்ளை நகர்த்தி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். காவிரிப் படுகைக்கு இலங்கை கூப்பிடு தூரம்தானே! 1957-இல் விவித பாரதி தொடங்கியபின்தான் அந்தக் கெடுபிடி தளர்ந்தது. விடியற்காலையில் திருச்சி, பிற்பகலில் இலங்கை என்று ஒரே பெட்டி இரு நாடுகளுக்கும் விசுவாசமாக இருந்த வீடுகள் ஏராளம்.

பக்திக்கு அடுத்தபடி இந்த நிலையத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது நெல். 1960களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல்லை வெளியிட்டது. குறுவைக்கு ஏற்றது. அதை எப்போது விதைப்பது, எவ்வளவு உரமிடுவது என்பதைத் திருச்சி வானொலி நாள்தோறும் எடுத்துச் சொல்லிற்று. உழவர்கள் விதை வாங்கக் கடைக்குப் போனபோது எண்ணைச் சொல்லிக் கேட்கவில்லை. 'ரேடியோ நெல்' என்று கேட்டார்கள். காலங்காலமாக விளைந்த ரகத்தைக் கைவிட்டு, முன்பின் பாராத விதையை நம்பி ஒரு போகத்தையே பணயம் வைப்பது குடியானவருக்குச் சிறிய முடிவன்று. பொழுது விடியும்போது திருமுறை சொன்ன அதே பெட்டி சொன்னதால் அந்த நம்பிக்கை எளிதில் பிறந்திருக்கலாம்.

காலப்போக்கில் திருநெல்வேலி, கோவை, புதுச்சேரி, மதுரை என்று நிலையங்கள் பெருகின. ஒவ்வொன்றும் தன் பக்கத்துத் திருவிழாவைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டது. மீனாட்சி திருக்கல்யாணத்தை மதுரை நிலையம் சொல்லவேண்டும். செந்தூர் சூரசம்ஹாரத்தை நெல்லை நிலையம் சொல்லவேண்டும். அதுபோலவே வைகுண்ட ஏகாதசி திருச்சிக்கு உரியது.

திருவிழா வருணனையின் அருமை கேட்கும்போது தெரியாது. தொலைக்காட்சியில் படமே பேசிவிடும். வானொலியிலோ சொல் ஒன்றுதான் கண். நம்பெருமாள் ரத்னாங்கி சாற்றிக்கொண்டு சிம்மகதியில் புறப்படுகிறார் என்றால், அந்த நடை எப்படியிருக்கும் என்று வருணனையாளர் அறிந்திருக்கவேண்டும். விரஜா நதி மண்டபத்தில் நின்று வேத விண்ணப்பம் கேட்கிறாரா, வடக்கு வாசலை நெருங்கிவிட்டாரா, மணல்வெளிக்கு வந்துவிட்டாரா என்று அடிக்கு அடி சொல்லவேண்டும். எங்கே பேசவேண்டும் என்பதைவிட எங்கே வாயை மூடிக்கொள்ளவேண்டும் என்பது முக்கியம். கதவு திறக்கும் கணத்தில் எழும் 'ரங்கா, ரங்கா' என்ற குரலின் மேல் வருணனையாளரின் சொல் விழுந்தால் கேட்பவர் மன்னிக்கமாட்டார்.

இவற்றையெல்லாம் டில்லியிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஒருவரை அனுப்பிச் சொல்லவைக்க முடியாது. பகல் பத்துக்கும் இராப் பத்துக்கும் வேறுபாடு தெரியவேண்டும். அரையர் சேவையின் அபிநயம் எந்தப் பாசுரத்துக்கு என்று தெரியவேண்டும். திருமங்கையாழ்வார் இந்த விழாவுக்கு என்ன செய்தார் என்று தெரியவேண்டும். அந்த மண்ணில் பழகியவர்களுக்கே இது கைவரும். பிரகலாதன் சொன்ன ஒன்பது வகைப் பக்தியில் சிரவணம் முதலில் நிற்கிறது. கேட்டல் முதற்படியானால், கேட்கும்படி சொல்ல ஆள் வேண்டும்.

இன்று பண்பலை வந்துவிட்டது. அதன் ஒலி கண்ணாடிபோல் துல்லியமானது. ஆனால் நேர்கோட்டில் செல்வதால் தொலைவூர்களை எட்டாது. கைபேசிச் செயலி வழியே உலகின் எம்மூலையிலும் திருச்சி நிலையத்தைக் கேட்கலாம் என்கிறார்கள், உண்மைதான். அமெரிக்காவில் இருக்கும் பேரன் கேட்கிறான். கிராமத்தில் தனியே இருக்கும் தாத்தாவுக்குத்தான் செயலியை எங்கே தொடுவது என்று தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது ஒரு திருகும், 936 கிலோஹெர்ட்ஸ் என்ற இடத்தில் பேனாவால் இட்டுவைத்த ஒரு கோடும். பழுதுபார்க்கும் கடை மூடிப் பல ஆண்டுகள் ஆயின. நிகழ்ச்சிகளைப் பொதுவாக்கி ஒரே இடத்திலிருந்து பல நிலையங்களுக்கும் வழங்குவது சிக்கனம் என்ற எண்ணம் வலுக்கும்போதெல்லாம், பக்கத்து ஊர்க் கோயிலின் தேரோட்டத்தை இனி யார் சொல்வார்கள் என்று அவரைப் போன்றவர்கள் கவலைப்படுவதில் வியப்பில்லை.

மத்திய அலைக்கு ஒரு விந்தையான குணம் உண்டு. பகலில் தரையோடு தவழ்வது, இருள் சூழ்ந்தபின் வானத்திலும் ஏறி, மேலடுக்கில் பட்டு நெடுந்தொலைவில் இறங்கும். பகலில் திருச்சியைக் கேட்க இயலாத ஊர்களிலும், கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்துப் பக்கத்திலும், இரவில் அது கேட்கும். பரமபத வாசல் திறப்பதோ விடியலுக்கு முன். அந்த அலை மிகத் தொலைவு போகக்கூடிய வேளை அது. நம்பெருமாள் வாசலைக் கடந்து, ஆயிரங்கால் மண்டபத்தின் திருமாமணி மண்டபத்தில் எழுந்தருளக் கிழக்கு வெளுக்கும். தொலைவூர்ப் பெட்டிகளில் குரல் மெல்ல மெல்லத் தேய்ந்து இரைச்சலில் கலக்கும். அதற்குள் பாட்டிக்குத் தீர்த்தம் கொடுத்திருப்பார்கள். யாரோ ஒருவர் எழுந்து பெட்டியை அணைத்துவிட்டு, வாசல் கோலத்தின் நடுவே பூசணிப் பூவை வைக்கப் போவார்.